செட்டிநாட்டு இலையும் ஹோட்டல் விருந்தும்

'இந்திய உணவு' என்னும் தொடர் வீடுகளிற் பிறந்ததன்று; ஹோட்டல்களிற் பிறந்தது. காஷ்மீரத்திலே ஆட்டிறைச்சியைக் கல்லின்மேல் வைத்து மரக்கொட்டனால் அடித்து, உருண்டையாக்கித் தயிர்க் குழம்பில் இடுபவரும், வங்காளத்திலே கடுகை அரைத்து மீன் சமைப்பவரும், குஜராத்திலே பருப்புடன் வெல்லம் சேர்ப்பவரும், தாம் உண்பது இந்திய உணவு என்று தத்தம் வீட்டில் இருந்து எண்ணுவதில்லை. அவரவர்க்கு அது அன்றாடச் சோறும் கறியுமே. ஊரைவிட்டு வெளியே வந்து, பிறர் உண்பதைக் கண்ட பின்னரே, தம் உணவு ஒரு வட்டாரத்தின் உணவு என்பது ஒருவருக்கு விளங்குகின்றது.

இந்த வட்டார வேறுபாட்டையே முதலாகக் கொண்டு, பெரிய ஹோட்டல்கள் 'உணவு விழா' என்னும் ஒரு வழக்கத்தை வளர்த்திருக்கின்றன. ஒரு கிழமையோ பத்து நாட்களோ ஒரு வட்டாரத்தின் பெயரைச் சூட்டி, அவ்வட்டாரத்துச் சமையற்காரர் சிலரை வரவழைத்து, அவர்களுடைய பண்டங்களை வரிசையாகப் பரப்பி வைப்பர். வாயிலிலே கோலம் இடப்பட்டிருக்கும். மேசையிலே வாழையிலை விரிக்கப்பட்டிருக்கும். நாதசுர இசை மெல்ல ஒலிக்கும். வருபவர் தட்டை நிரப்பி உண்டு, "நல்ல காரம்" என்று சொல்லிப் பணம் கொடுத்துப் போய்விடுவர். இத்தகைய விழாவில் உண்பவர் எதனைப் பெறுகின்றார், எதனைப் பெறாமலே திரும்புகின்றார் என்பது ஆராயத்தக்கது. அதற்கு ஓர் உதாரணமாகச் செட்டிநாட்டு உணவை எடுத்துக்கொள்ளலாம். தென்னிந்திய வட்டார உணவுகளுள் ஹோட்டல்கள் மிகுதியாக விரும்பி எடுத்தாள்வனவற்றுள் அது ஒன்று. ஈழத்துத் தமிழருக்கும் அதனோடு பழைய தொடர்பு உண்டு.

செட்டிநாடு என்பது ஓர் அரசின் பெயரன்று. தமிழ்நாட்டின் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களிற் பரந்துள்ள 70க்கும் மேற்பட்ட ஊர்களின் தொகுதியே அப்பெயரால் வழங்குகின்றது. முன்னாளில் அவை 96 ஊர்கள் என்பது மரபு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்பன அவற்றுட் சில. அங்கு வாழும் நாட்டுக்கோட்டை நகரத்தார் 9 கோயில்களைச் சார்ந்த பிரிவினராய்த் தம்மை வகுத்துக்கொண்ட வணிகக் குலத்தவர். அந்நிலம் காவிரி பாயும் நிலமன்று. மழை குறைந்த வறண்ட நிலம். ஊர்தோறும் ஊருணி வெட்டி மழைநீரைத் தேக்கி வாழ்ந்த மக்கள் அவர்கள். உழவு தரும் பயன் குறைந்த இடத்திலே வணிகமே வாழ்வாயிற்று. வணிகம் அவர்களைக் கடல் கடக்கச் செய்தது.

19ஆம் நூற்றாண்டிலே நகரத்தார் இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் ஆகிய இடங்களிற் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். கொழும்புச் செட்டியார் தெருவும், அங்குள்ள கதிரேசன் கோயில்களும், ஆடிவேல் விழாவும் அவர்கள் இந்நாட்டில் விட்டுச்சென்ற சுவடுகள். இலங்கையின் வணிகத்திலே செட்டிமாரின் கடன் எத்துணை இன்றியமையாததாய் இருந்தது என்பதனை 1934ஆம் ஆண்டின் இலங்கை வங்கி ஆணைக்குழுவின் அறிக்கை விரித்துரைக்கின்றது. பர்மாவிலோ அவர்கள் நெல் விளைவிக்கும் உழவருக்குப் பணம் கொடுத்தனர். 1930ஆம் ஆண்டை ஒட்டி நெல்விலை வீழ்ந்தபோது, கடனை அடைக்க இயலாத உழவரின் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலே கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு நிலம் அவர்களுடையதாய் இருந்தது. ஆனால் 1942ஆம் ஆண்டு யப்பானியர் படையெடுத்தனர். 1948ஆம் ஆண்டு பர்மா சுதந்திரம் பெற்றது. அதன்பின் நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. செல்வம் போயிற்று, எனினும் பர்மாவிலிருந்து வந்தவற்றுள் சில நிலைத்துவிட்டன. அவற்றுள் ஒன்று மாளிகைகளிலே நிற்கும் தேக்குத் தூண்; மற்றொன்று அடுக்களையிலே இருக்கும் கவுனி அரிசி.

கவுனி அரிசி கருமை நிறமானது. இரவு முழுவதும் ஊறவைத்து நெடுநேரம் வேகவைத்தால், ஊதா நிறங்கொண்டு பசைபோல் ஒட்டும். அதில் சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்து விருந்து நாட்களிற் பரிமாறுவர். பர்மியர் தம் மொழியிற் பசையரிசியைக் 'கவுஞின்' என்பதை ஒத்து அழைக்கின்றனர். அவ்வொலி 'கவுனி' என்னும் பெயரில் இன்றும் கேட்கின்றது. அவ்வாறே ரவையும் சீனியும் தேங்காயும் சேர்ந்த இனிப்பொன்றுக்கு 'ரங்கூன் புட்டு' என்று பெயர். வங்கிக் கணக்கிலே இல்லாமற் போன ஒரு நாடு உண்கலத்திலே பெயராய் நிலைத்திருக்கின்றது. ஹோட்டல் விழாவிலே இவ்விரண்டையும் காண்பவர், இவை வெறும் இனிப்புப் பண்டங்கள் என்று எண்ணிக் கடந்து போதல் கூடும். வரலாறு அறிந்தவருக்கோ அக்கிண்ணத்தில் ஒரு குலத்தின் ஏற்றமும் இறக்கமும் தெரியும்.

செட்டிநாட்டு உணவைப்பற்றிப் பரவியுள்ள முதலாவது தவறான எண்ணம், அது இறைச்சி உணவு என்பது. நகரத்தார் ஆழ்ந்த சைவப் பற்றினர். பல சிவாலயங்களுக்குத் திருப்பணி செய்தவர்கள். அவர்களுடைய திருமண நாளின் பந்தி மரக்கறிப் பந்தியே. கோழியும் நண்டும் ஆடும் அவர்கள் சமையலில் உண்டு. அவை சுவையிற் சிறந்தனவுமாம். ஆயினும் அச்சமையலின் பரப்பையும் நுட்பத்தையும் காண வேண்டுமானால் பணியாரம், மண்டி, கூட்டு, கோசமல்லி, சீயம், கும்மாயம் ஆகியவற்றையே முதலில் நோக்குதல் வேண்டும். இவற்றுட் கும்மாயம் என்பது வறுத்த பயறு வகைகளின் மாவைக் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய பண்டம். மணிமேகலையிலே பயற்றாற் செய்யும் கும்மாயம் பேசப்படுகின்றது. காப்பியத்தில் ஏறிய ஒரு சொல் இன்றும் அடுக்களையில் வழங்குவது வியக்கத்தக்கதன்றோ?

இரண்டாவது தவறான எண்ணம், செட்டிநாட்டு உணவு என்றால் மிளகாய்க் காரம் என்பது. மிளகாய் தென்னமெரிக்கா முதலிய தேசங்களுக்குரிய பயிர். 1498ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர், போர்த்துக்கேயர் வாயிலாகவே அது இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்னர் தமிழருக்குக் காரம் தந்தது மிளகு. செட்டிநாட்டுச் சமையலிலே மிளகு தன் பழைய இடத்தை முற்றாக இழந்துவிடவில்லை. கோழி மிளகு வறுவலிலும் நண்டு ரசத்திலும் முன்னிற்பது அதுவே. மிளகாயின் காரம் நாவிலே உடனே சுடும். மிளகின் காரம் தொண்டையிலே மெல்ல ஏறும். இந்த வேறுபாட்டை அறிந்து உண்பவருக்குச் செட்டிநாட்டுக் கோழியின் சுவை வேறாகத் தோன்றும்.

இனி, மணப்பொருள்கள் சில. யாழ்ப்பாணத்தார் பெருஞ்சீரகம் என்பதைத் தமிழ்நாட்டார் சோம்பு என்பர். அது இரு சமையலுக்கும் பொது. செட்டிநாட்டுக்கே சிறப்பாய் அமைந்தவை மூன்று. ஒன்று கல்பாசி. பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் ஒருவகை லைக்கன் அது. உலர்ந்த நிலையில் அதற்கு மணம் இருப்பதாகவே தோன்றாது. சூடான எண்ணெயில் இட்டவுடன் மழை பெய்த மண்ணையும் புகையையும் நினைவூட்டும் மணம் எழும். இரண்டாவது மராட்டி மொக்கு. இலவ மரவகையின் உலர்ந்த மொட்டு. மூன்றாவது அன்னாசிப்பூ; சீனத்தின் தென்பகுதிக்கும் வியட்நாமுக்கும் உரிய விளைபொருள். வறண்ட நிலத்திலே வாழ்ந்தவரின் அம்மியில் இப்பொருள் வந்து சேர்ந்ததற்குக் காரணம் கடல் வணிகமே. இவற்றையெல்லாம் அள்ளி இடுவதில்லை, கிள்ளி இடுவர். மணப்பொருள் தனித்துத் தெரிந்தால் சமைத்தவர் கை தவறிற்று என்பது அங்குள்ள ஆச்சிமாரின் கணிப்பு.

மசாலை மிகுந்ததே செட்டிநாட்டுச் சமையல் என்று எண்ணுவோருக்கு 'உப்புக்கறி' நல்ல விடை. ஆட்டிறைச்சி, சின்ன வெங்காயம், உள்ளி, முழு மிளகாய், உப்பு, நல்லெண்ணெய்: இவ்வளவே அதன் பொருள்கள். அரைத்த மசாலை எதுவும் இல்லை. மெல்லிய தீயிலே இறைச்சி தன் நீரிலேயே வெந்து சுருளும்வரை காத்திருத்தலே அதன் செய்முறை. 'மண்டி' என்பதும் அத்தகைய எளிய உணவு. அரிசி கழுவிய நீரைக் கொட்டிவிடாது எடுத்து, அதிற் புளி கரைத்து, வெண்டிக்காயும் வெங்காயமும் உள்ளியும் இட்டுக் கொதிக்க வைப்பர். நீரின் அருமை தெரிந்த நிலத்திலே, அரிசி கழுவிய நீரும் ஒரு குழம்பாயிற்று. பெருஞ்செல்வர் வீட்டிலும் இந்தக் கறி சமைக்கப்பட்டமை அம்மக்களின் சிக்கன உணர்வுக்குச் சான்று.

வெள்ளைப் பணியாரம் இன்னொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. பச்சரிசியை ஒரு படியிலே தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ, அவ்வளவே உளுந்தின் அளவு. இரண்டையும் ஊறவைத்து வெண்ணெய்போல் அரைத்து, புளிக்கவிடாது, கரண்டியால் ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி எடுப்பர். நிறம் மாறாது வெள்ளையாக இருத்தல் வேண்டும். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மென்மையாகவும் இருத்தல் வேண்டும். மாவு சிறிது நீர்த்தாலும் எண்ணெய் குடிக்கும். சிறிது இறுகினாலும் கல்லாகும். ஏட்டிலே எழுதிவைத்த அளவு இங்கே பாதி உதவியே செய்யும். மீதிப் பாதி கையின் பழக்கம்.

இப்பண்டங்கள் ஹோட்டலுக்கு வரும்போது நேரும் மாற்றங்களை இனி நோக்கலாம். முதலாவது, காலம். வெள்ளைப் பணியாரம் எண்ணெயிலிருந்து எடுத்தவுடன் உண்ணத்தக்கது. முந்நூறு பேருக்கு ஒருமிக்கச் செய்து, கீழே நெருப்பு எரியும் மூடிய பாத்திரத்தில் வைத்தால், மொறுமொறுப்பு நீங்கித் தோல்போல் ஆகிவிடும். இடியப்பமும் அத்தகையதே. இரண்டாவது, அரைக்கும் முறை. அம்மியும் ஆட்டுக்கல்லும் மெதுவாக அரைப்பன. விரைந்து சுழலும் இயந்திரம் சூடேற்றி மசாலையின் மணத்திற் சிறிதைப் போக்கிவிடும். ஹோட்டல்காரர் பலர் இதனை அறியாதவரல்லர். ஆனால் நேரமும் ஆட்கூலியும் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன.

மூன்றாவது மாற்றம் இவற்றினும் முக்கியமானது. அது தெரிவு பற்றியது. பல ஊர்களிலிருந்து வரும் விருந்தினருக்கு எல்லாம் பிடிக்க வேண்டும் என்று எண்ணி, மண்டியும் கோசமல்லியும் விலக்கப்படுகின்றன; கோழி வறுவல் மட்டும் பெருகுகின்றது. அக்கோழியும் சிவந்த எண்ணெய் மிதக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகின்றது. அவ்வாறு செய்து செய்து, பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் போய்விடுகின்றன. செட்டிநாட்டிற் கால் வைக்காத சமையற்காரர் கைக்குக் கிடைத்த மசாலைப் பொடியைத் தூவி, அதற்குச் செட்டிநாடு என்று பெயரிட்டு விற்கும் நிலை பல நகரங்களில் உண்டு. உண்பவர் அதையே உண்மை என்று கொள்கின்றார். பின்னர் உண்மையான உப்புக்கறியை அவர்முன் வைத்தால், "இது செட்டிநாட்டுக் கறி அன்று" என்று அவரே மறுக்கின்றார். போலி மெய்யை விரட்டும் விதம் இதுவே.

ஹோட்டல் கொண்டுவர இயலாதனவும் சில உள. கார்த்திகைத் தீபத்திற்குப் பின் 21 நாள் நோன்பிருந்து, நகரத்தார் பிள்ளையார் நோன்பை நிறைவேற்றுகின்றனர். அன்று 21 இழைகள் கொண்ட திரியை இனிப்பு மாவில் வைத்துக் கொளுத்தி, அச்சுடரோடே வாயில் இட்டு விழுங்குவர். இதனை 'இழை எடுத்தல்' என்பர். அது ஓர் உணவுதான். ஆனால் எந்த மேசையிலும் விலைக்கு வைக்கத்தக்கதன்று. வீட்டுப் பெரியவர் கையால் வாங்கி, சுற்றத்தார் சூழ நின்று உண்பதிலேயே அதன் பொருள் அடங்கியிருக்கின்றது. ஒரு வட்டாரத்தின் உணவிற் பெரும்பகுதி இவ்வாறே நாளோடும் உறவோடும் பிணைந்தது. அதனை மறவாதிருத்தல் விழாவுக்குச் செல்பவருக்கு நன்று.

அங்ஙனமாயின் ஹோட்டல் விழாவால் நன்மையே இல்லையோ என்று நேயர்கள் கேட்கக்கூடும். நன்மை உண்டு. சென்னையிலே கன்னிமரா ஹோட்டலின் 'ரெயின்ட்ரீ' உணவகம் செட்டிநாட்டு உணவைத் தன் சிறப்பாகக் கொண்டபோது, வீட்டினுள்ளே இருந்த சமையல் ஒன்று பெரிய ஹோட்டலின் மதிப்பைப் பெற்றது. காரைக்குடியில் 'பங்களா' என்னும் விடுதி வாழையிலையிலே அவ்வுணவைப் பரிமாறி, வெளிநாட்டார்க்கும் கற்பிக்கின்றது. அதுவரை திருமண வீடுகளையே நம்பியிருந்த சமையற்காரருக்கு இவற்றாற் புதிய மதிப்பு ஏற்பட வழி பிறந்தது. மதிப்பு இல்லாத தொழிலை மகனுக்குக் கற்பிக்கத் தந்தை விரும்பமாட்டான். ஆதலின், ஒரு சமையல் நிலைத்திருக்க வேண்டுமானால் அதனைச் செய்பவரின் வாழ்வும் மதிப்பும் நிலைத்திருத்தல் வேண்டும்.

ஆகவே உணவு விழாவின் பயன் சமைப்பவர் கையில் மட்டும் இல்லை. உண்பவர் கையிலும் இருக்கின்றது. அவர் கைக்கொள்ளத்தக்க முறைகள் சில உள. பண்டங்கள் பரப்பிய மேசை முழுவதையும் முதலில் ஒருமுறை சுற்றிப் பார்த்தல் வேண்டும். கண்டவுடன் தட்டை நிரப்புதல் ஆகாது. எங்கும் கிடைக்கும் பண்டங்களை விடுத்து, பெயர் அறியாதவற்றைச் சிறிது சிறிதாக எடுத்தல் வேண்டும். பணியாரம் போன்றவற்றைக் கண்முன்னே சுடும் இடத்தில் நின்று சூடாக வாங்குதல் வேண்டும். காரம் குறைந்த மண்டி, கூட்டு ஆகியவற்றை முதலிலும், மிளகு மிகுந்தவற்றைப் பின்னரும் உண்டால், எல்லாவற்றின் சுவையும் தெரியும். காரத்தை முதலில் உண்டவரின் நாக்குப் பின்னர் எதனையும் பகுத்தறியாது. கையால் உண்பது வெட்கத்துக்கு உரியதன்று. இடியப்பத்தையும் குழம்பையும் கரண்டியும் முள்ளும் ஒன்றாக்கமாட்டா, விரல்களே ஒன்றாக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, சமைத்தவரோடு பேசுதல். "இது என்ன?" என்று கேட்பவருக்குப் பெயர் மட்டும் கிடைக்கும். "இதனை உங்கள் ஊரில் எந்நாளிற் செய்வார்கள்? யாருக்குக் கொடுப்பார்கள்?" என்று கேட்பவருக்கு ஒரு வாழ்க்கை முறையே விடையாகக் கிடைக்கும். மண்டி இல்லையே என்று ஒருவர் கேட்டால், சமையற்காரர் முகம் மலரும். பத்துப் பேர் கேட்டால், அடுத்த விழாவில் மண்டி இடம்பெறும். ஹோட்டல் நடத்துபவர் வணிகர். கேட்பது எதுவோ அதையே அவர் வைப்பார். கோழியையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பழைய பண்டங்கள் மறைந்தன என்று வருந்துவதில் நியாயம் இல்லை.

இதனைக் கேட்கும் ஈழத்து நேயர்கள், தங்கள் அடுக்களைகளையும் இதே கண்கொண்டு நோக்கலாம். ஒடியற் கூழ், பனாட்டு, குரக்கன் பிட்டு ஆகியவற்றுக்கும் செட்டிநாட்டுப் பணியாரத்துக்கும் நிலை ஒன்றே. அவையும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த மக்கள் கிடைத்ததைக் கொண்டு அறிவோடு அமைத்துக்கொண்டவை. அவற்றின் அளவும் பக்குவமும் புத்தகத்தில் இருப்பதைவிட மூத்த பெண்களின் கைகளிலேயே மிகுதியாக இருக்கின்றன. அவர்களிடம் கேட்டு அறியும் காலம் அவர்கள் இருக்கும் காலமே. ஹோட்டல்கள் நாளை அவற்றையும் விழாவாக எடுத்தல் கூடும். அந்நாளில், தட்டில் வைக்கப்பட்டது உண்மையான கூழா அன்றா என்று சொல்லவல்லவர் சிலரேனும் இருத்தல் வேண்டும். அவர்கள் வீட்டிலே உண்டு பழகியவர்களாய் இருந்தால் மட்டுமே அது கூடும்.